செம்பு நிறத் தொங்குவிளக்கு

அந்தத் தொங்குவிளக்கை இருவரும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். கடையில் அது கடைசி ஒன்று. செம்பு நிறக் கூடு... உள்ளே தேன் மாதிரி மஞ்சள் வெளிச்சம்.

"நான்தான் முதல்ல எடுத்தேன்," என்றாள் அவள்.

வெளியே மழை. அவன் சட்டைத் தோள் நனைந்திருந்தது. அழகான கண்கள்தான்... ஆனால் ரொம்ப நாளாக விளக்கே போடாத வீடு மாதிரி இருந்தன.

"எடுத்துக்குங்க. எந்த ரூமுக்கு?"

"தையல் மெஷினுக்கு மேல மாட்ட."

"அப்போ வேண்டாம். இந்த வெளிச்சத்துல கருநீலமும் கருப்பும் ஒண்ணாத் தெரியும். பல்பைத் தனியா மாத்தவும் முடியாது. வெள்ளை டேபிள் லேம்ப்தான் சரி."

"டெய்லர் நீங்களா, நானா?"

"நான் பொய்ப்பல் செய்யறவன்ங்க. நிறம் தப்பினா, சிரிக்கிறவங்க மாட்டிக்குவாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். எட்டு வருஷமாகத் தைக்கிறேன்... இவர் யார் சொல்ல?

மஞ்சள் விளக்குக்கே பில் போடச் சொன்னாள். விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவன் அந்த வெள்ளை லேம்பை வாங்கினான்.

"பெட்டியைப் பிரிக்காம வெச்சிருக்கேன். எதிர்த்தெரு மாடியில என் லேப். தேவைப்பட்டா மாத்திக்கலாம்."

"தேவைப்படாது."

மூன்றாம் நாளே தேவைப்பட்டது. கருநீலக் கவுன்... கருப்பு நூல். அண்ணி அதை வாசல் வெயிலில் விரித்துப் பார்த்தாள்.

"கவுன்ல ரோடு போட்டிருக்கியாடி? போய் லைட்டை மாத்திட்டு வா."

"அந்த ஆள் முன்னாடி போய் நிக்கவா? மாட்டேன் அண்ணி."

"எந்த ஆள்?"

அவள் தப்பான தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க நாலு தடவை ஆனது.

அதற்கும் நாலு நாள் கழித்து, தொங்குவிளக்கோடு மாடியேறினாள். அன்றும் மழை. ஜன்னலருகே ஒரு பல்லுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். தூரிகை அப்படியே நின்றது.

"குத்திக் காட்டணும்னா காட்டிடுங்க," என்றாள்.

"காட்டல. உட்காருங்க."

"இதை எங்க மாட்டுவீங்க?"

"சாப்பாட்டு மேசைக்கு மேல." தூரிகையைக் கீழே வைத்தான். "மனைவி இறந்து ரெண்டு வருஷம். சமையலறையில நின்னுக்கிட்டே சாப்பிட்டுடுவேன். மேசையில லைட் போட்டா எதிர் நாற்காலி தெரியும்... அன்னிக்கு மழைக்குத்தான் கடைக்குள்ள ஒதுங்கினேன். இதைப் பார்த்ததும், போட்டா என்னன்னு தோணுச்சு."

மழை கண்ணாடியில் வழிந்தது. தொங்குவிளக்கை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அப்போ அந்த வெள்ளை லேம்ப்?"

"எனக்குத் தேவையே இல்ல. இங்கயே நாலு இருக்கு." குனிந்துகொண்டான். "நீங்க வருவீங்கன்னுதான்... வாங்கினேன்."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். பிரித்தாள்.

"தப்பாத் தெச்சதை அண்ணி அன்னிக்கே பிடிச்சிட்டாங்க. ஒரு மணி நேரத்துல பிரிச்சுத் தெச்சிட்டேன். மத்த நாளெல்லாம்... என்ன சொல்லிக்கிட்டு இங்க வர்றதுன்னுதான் யோசிச்சேன்."

அவன் சிரித்தான். பழக்கம் விட்டுப்போன சிரிப்பு... ஒரு பக்கமாகக் கோணியது.

"இன்னிக்கே மாட்டிடறேன். நாளைக்குச் சாயங்காலம் சாப்பிட வர்றீங்களா? அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

"அண்ணிக்கு நாளைக்கு நிறைய வேலை இருக்கு," என்றாள், அண்ணியைக் கேட்காமலே.