புகை இல்லாத கப்பல்

கப்பல் மூழ்கிவிட்டது என்று செய்தி வந்ததிலிருந்து அந்தத் துறைமுக ஊரில் பல வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அது சண்டைக்குப் போன கப்பல்கூட இல்லை. கோதுமை மூட்டை ஏற்றிப் போன சரக்குக் கப்பல். குண்டுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன?

போனவர்களின் நினைவாகத் துறைமுக மண்டபத்துச் சுவரில் ஓவியர் ஒருவர் அந்தக் கப்பலை வரைந்துகொண்டிருந்தார். புறப்படும் நேரத்தில் எடுத்த போட்டோ அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு முகமாக வரைந்தார்.

சிறுமி வாலுவும் அவள் அம்மாவும் பார்க்கப் போனார்கள். குறும்பு அதிகம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இப்போது குறும்பு போய்விட்டது, பெயர்தான் மிச்சம்.

சுவரில் மாலுமிகள் வரிசையாக நின்றார்கள். கப்பல் சமையல்காரர் கரண்டியோடு நின்றார்.

"எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு இவ்ளோ பெருசு இல்லையே!" என்றார் அவர் மனைவி.

"போட்டோவுல அப்படித்தாம்மா இருக்கு" என்றார் ஓவியர்.

அந்த அம்மாள் போட்டோவை வாங்கிப் பார்த்தார். "ஆமா, இருக்கத்தான் செய்யுது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

வாலு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாள். அப்பாவைக் காணோம்.

"அவரு கொதிகலன்ல கரி அள்ளிப் போடுறவரு" என்றாள் அம்மா. "புறப்படுற நேரத்துல நெருப்பை விட்டுட்டு மேல வர முடியாது. எந்தப் போட்டோவுலயும் இருக்க மாட்டாரு."

ஓவியருக்குச் சங்கடமாகிவிட்டது. "வீட்டுல வேற படம்?"

"எடுக்கணும் எடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு."

"ஜாடை சொல்லுங்க, வரைஞ்சுடறேன்."

"வேண்டாங்க. வேற யாரோ மாதிரி வந்துட்டா, அப்புறம் அந்த முகம்தான் எனக்கு மனசுல நிக்கும்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடல்தான் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. இந்தச் சுவரிலும் அவருக்கு இடமில்லையா? வாலு போட்டோவையே வெறித்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள்.

"மாமா, புகை எங்க?"

"எந்தப் புகை?"

"போட்டோவுல புகைபோக்கியிலேருந்து குபுகுபுன்னு வருதே. நீங்க வெறும் நீல வானம் போட்டிருக்கீங்க."

"அழுக்கா இருக்குமேன்னு விட்டுட்டேன் கண்ணு."

"அது எங்க அப்பா மாமா" என்றாள் வாலு. "அவரு கீழ கரி போட்டாத்தானே மேல புகை வரும்?"

ஓவியர் கறுப்பு வண்ணத்தைக் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். புகைபோக்கியின் மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார்.

"அவ்ளோதானா? அப்பா சோம்பேறி இல்ல!"

அவர் இன்னும் தீட்டினார். புகை சுருண்டு, தடித்து, பாதி வானத்தை மறைத்தது. வாலு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"போதுமாம்மா?" என்றார் ஓவியர். "கொஞ்சம் வானமும் தெரியட்டுமே?"

அம்மா தலையை ஆட்டி மறுத்தாள்.

"இன்னும் போடுங்க" என்றாள். "கீழ அஞ்சு பேரு இருந்தாங்க."