டாப் பண்ணாமல் இறங்கியவள்

கார்டைக் காட்டியது ஒரு தடவைதான். இயந்திரம் நான்கு தடவை கத்தியது.

உமாமகேஸ்வரி கார்டைத் திருப்பிப் பார்த்தாள். கும்பகோணத்தில் இருபது வருடமாகப் பாத்திரக் கடை நடத்துகிறவள். எடைத் தட்டில் எவனாவது கட்டைவிரலை வைத்தால் அந்தச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கும். நான்கு என்றால் நான்குதான்.

"என்ன டிரைவர் அண்ணே, ஒரு ஆளுக்கு நாலு டிக்கெட்டா?"

தினமும் இதே நேரத்துக்கு இதே மாடி பஸ்ஸை ஓட்டி வருகிற வேலாயுதம், தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் காட்டினார். "அக்கா, மூணு நாளா நீங்க இறங்கும்போது கார்டக் காட்டி டாப் பண்ணல. செவ்வாய், புதன், வியாழன். இதுல பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"ஏறும்போது ஒரு தடவ காட்டியாச்சுல்ல? ஒரே சாமானுக்கு ரெண்டு தடவ காசு வாங்குற கடைய நான் பாத்ததில்ல."

"காசு இல்லக்கா. ஆள் இறங்கியாச்சான்னு அதுக்குத் தெரியணும். டாப் பண்ணலன்னா சிஸ்டத்தப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் பஸ்லதான் இருக்கீங்க லா."

"அப்ப மூணு உமா மாடியில உக்காந்திருக்காளுகளா? அவளுகளையும் வீட்டுல கொண்டுவந்து விடுங்க. பாத்திரம் தேய்க்க ஆள் இல்ல."

வேலாயுதம் சிரிக்கவில்லை. "இன்னிக்காவது டாப் பண்ணி இறங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை மூடினார்.

"பாக்கலாம்" என்றாள் உமா.

மதியம் இரண்டு மணிதான். ஆனால் தேக்கா சந்தையின் மேல் மழை கறுப்புத் தார்ப்பாய் போல இறங்கியிருந்தது. கடை கட்டும் நேரத்தில்தான் மீன் விலை படியும் என்பதால் அவள் எப்போதும் அந்த நேரத்துக்குத்தான் வருவாள். தங்கை இளமதிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம்; அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் உமா கடல் தாண்டி வந்திருந்தாள். தையல் ஆற விரால் மீன் சூப்பு. இளமதியின் கணவன் ஸ்ரீநாத் வேலையாக எல்லை தாண்டி ஜோகூர் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். போகுமுன், "அண்ணி, போனைத் தட்டினா கார் வாசலுக்கு வரும்" என்று சொல்லிக் கொடுத்தான். பேரம் பேச முடியாத வண்டியில் ஏற மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். பஸ்ஸிலும் பேரம் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் இறங்கும்போது கார்டைக் காட்டாமல் நழுவுவதில் ஒரு சின்ன வெற்றி இருந்தது. ஊர் பேர் தெரியாத இடத்தில் அந்த வெற்றி இனித்தது.

புக்கிட் தீமா சாலையின் நடுவே கால்வாய் பழுப்பாகப் பொங்கி ஓட, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறங்க, ஏற ஒருவரும் இல்லாமல் பஸ் காலியாகிக்கொண்டே போக, குளிர்சாதனத்தின் காற்றில் முதலில் தாழம்பூ மணம் வந்தது. வீட்டில் அவளே காய்ச்சுகிற தைலம். தன் தலையைத் தொட்டு முகர்ந்தாள். இன்று தைலம் வைத்திருக்கவில்லை. மணம் படிக்கட்டின் மேலிருந்து வந்தது. அதன் அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. மீன். அவள் மடியிலிருந்த பையின் வாடை அல்ல. இது இன்றைய மீன். அது மூன்று நாள் பழசு.

போன் அடித்தது. இளமதி.

"அக்கா, எங்க இருக்கே?"

"பஸ்லதான். மீன்காரன் முகைதீனை அழ வச்சுட்டு வந்திருக்கேன். ஒரு விரால் இனாம்."

தங்கை சிரித்தாள், தையல் இழுத்ததில் முனகினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கோச்சுக்காதே. நேத்து ராத்திரி ஏன் என் தையலையே பாத்துக்கிட்டு நின்னே? கூப்பிட்டேன், பேசல."

"நானா?"

"காலையில நல்லாத்தான் இருக்கே. பஸ்ல போயிட்டுத் திரும்பி வந்தா வேற யாரோ மாதிரி இருக்கே. மூணு நாளா. உன் கை வேற ஐஸ் மாதிரி."

"கனவு கண்டிருப்பே. கதவுகிட்டயே படு. வந்து குரல் குடுக்குறேன், திற."

போனை வைத்தபின் உமா நேற்றைய மதியத்தை நினைவில் தேடினாள். பஸ் நின்றது, படியில் கால் வைத்தது, அதுவரை இருந்தது. அதற்கப்புறம் விடிந்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. புதன்கிழமையும் அப்படியே. செவ்வாயும்.

மேல் மாடியில் யாரோ நடந்தார்கள்.

தட். சர்ர்ர். தட். சர்ர்ர்.

ஐந்து வருடத்துக்கு முன் கடையில் பித்தளை அண்டா இடது காலில் விழுந்ததிலிருந்து அவள் இப்படித்தான் நடப்பாள். வலது கால் ஊன்றும். இடது கால் இழுபடும். கூடவே மெட்டி இரும்புத் தரையில் உரசும். ஒரு ஜோடிக் கால் முடிந்ததும் இன்னொரு ஜோடி. அதன் பின்னால் இன்னொன்று.

எழுந்து முன்னால் போனாள். "அண்ணே, மாடியில யாரு?"

"யாரும் இல்லக்கா." வேலாயுதம் பக்கத்திலிருந்த சின்னத் திரையைக் காட்டினார். "பாருங்க, காலி."

திரையில் கடைசி வரிசை தெரிந்தது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு. செவ்வாய், புதன், வியாழன். அந்த நாட்களில் அவள் கட்டியிருந்த மூன்று புடவைகள். மூன்று மடியிலும் சொட்டுகிற பை. மூன்று முகங்களும் காமிராவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வலது கையைத் தூக்கினாள். மூன்று வலது கைகள் உயர்ந்தன.

"காலியா இது?"

"முன்னாடி நிக்காதீங்கக்கா, ஆபத்து" என்றார் அவர்.

பயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வாங்க வந்தவன் முன்னால் பயத்தைக் காட்டினால் பொருளின் விலை பாதியாகிவிடும். அப்பாவின் கடையில் அவள் படித்த ஒரே பாடம் அது. நிமிர்ந்து நடந்தாள். பின்கதவருகே போய், கார்டு காட்டும் இயந்திரத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

"வாங்கடி" என்றாள். "என்னதான் வேணும்னு பாத்துடுறேன்."

தங்கை வீட்டு நிறுத்தம், புக்கிட் பாத்தோக், வந்துவிட்டது. மணியை அழுத்தினாள்.

படிக்கட்டில் தண்ணீர் வழிந்தது. மீன் தண்ணீர். மஞ்சள் முந்தானை முதலில் தெரிந்தது. பிறகு கால். மெட்டி. பாதத்தில் அண்டாவின் தழும்பு.

மூவரும் இறங்கி வந்து வரிசையாக நின்றார்கள். மஞ்சள் புடவைக்காரியின் கண்ணில் தண்ணீர் நிரம்பியிருந்தது. கையை நீட்டினாள். கார்டுக்கு.

உமாவின் மூளை வேகமாக வேலை செய்தது. ஒரு டாப்புக்கு ஒருத்தி. பழைய சரக்குதான் முதலில் போகும். அவள் கடையிலும் அதுதான் வழக்கம். கார்டைக் காட்டினால் இறங்கப்போவது செவ்வாய்க்கிழமைக்காரி. நேரே போய், "இளா, கதவைத் திற" என்பாள். அந்தக் குரலுக்கு இளா திறப்பாள். குனியக்கூட முடியாதவள். தனியாக இருப்பவள்.

"அதுக்கு வேற ஆளப் பாருங்க. கார்டு என்னோடது. தங்கச்சியும் என்னோடது."

மஞ்சள் புடவைக்காரி வேகமாகத் தலையாட்டினாள். வேண்டாம் என்பதுபோல. அல்லது கெஞ்சுவதுபோல.

கதவு திறந்தது. மழைச் சத்தம்.

டாப் பண்ணவில்லை. குதித்தாள்.

கால் தரையில் பட்டது.

படவில்லை.

கதவு மூடியது. அவள் உள்ளே இருந்தாள்.

கண்ணாடிக்கு வெளியே ஒருத்தி நின்றிருந்தாள். இன்றைய ஊதாப் புடவை. கையில் விரால் பை. இன்னொரு கையில் போனும் கார்டும். உமா தன் கைகளைப் பார்த்தாள். பை மட்டும் இருந்தது.

"அண்ணே! கதவத் திறங்க! வேலாயுதம் அண்ணே!"

அவர் கண்ணாடியில் பின்கதவைப் பார்த்தார். அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தார். "இன்னிக்கும் டாப் பண்ணல" என்று முணுமுணுத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஊதாப் புடவை தங்கையின் அடுக்குமாடி புளோக்கை நோக்கி நடந்தது. தட். சர்ர்ர். கீழ்த்தளத்து விளக்கடியில் ஒருமுறை திரும்பியது. அவளுடைய முகம்தான். ஆனால் வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, வெட்டிய பேர் அழிந்துபோன பாத்திரம் மாதிரி வழவழவென்று, யாருடையதும் அல்லாமல் இருந்தது.

சிவப்பு விளக்கு. பஸ் நின்றது. பின்னால் மூவரும் இருக்கையில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

உமா உட்காரவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். பையால் அடித்தாள். தோளால் இடித்தாள். பிறகு இயந்திரத்தின் முன்னால் காலை ஊன்றி நின்றாள். நாளைக்கு அந்த ஊதாப் புடவைக்காரி இதில் ஏறித்தானே ஆகவேண்டும். வரட்டும். இருபது வருடம் கல்லாவில் நின்ற கால் இது. நிற்கும்.

மஞ்சள் வந்து பக்கத்தில் நின்றாள். பச்சை. அரக்கு. நான்கு பைகளும் சொட்டின. நால்வரும் மழைக்கு அப்பால் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான்காவது மாடி நடைபாதையில் ஊதாப் புடவை இளமதியின் கதவின் முன் நின்றது.

கதவு திறந்தது.