மேல்நீர்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெரு அப்படியே நிற்கும். பல் துலக்குகிறவர் வாயில் நுரையோடு நிற்பார். இட்லிப் பானையைத் திறந்தவள் மூடியும் கையுமாக ஆவிக்கு முன்னால் நிற்பாள். எல்லோருடைய வலது காதிலும் செவிமணி ஒருமுறை சிணுங்கும். பிறகு அந்தக் குரல் வரும்.

‘மக்கள் காப்பு வாரியம் பேசுகிறது. வெள்ளம் வந்தால் மின்விசையை அணை. மாடிக்கு ஏறு. அங்கேயே காத்திரு.’

தெருவே விசையை அணைத்துவிட்டு மாடி ஏறும். எதிர்வீட்டு ரெஜினா அக்கா முழங்கால் வலியோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறி வந்து, மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சொல்வாள்: “எம் மாமியா கூட என்னய இப்படி ஏவுனதில்ல கமலம்.” நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணுவேன். எப்போது எண்ணினாலும் பன்னிரண்டு சொற்கள்தான்.

அது சட்டம். புயலும் வெள்ளமும் ஆண்டுக்கு நான்கைந்து முறை வரத் தொடங்கிய பிறகு, மீட்புப் படகுகள் எல்லா ஊருக்கும் போய்ச் சேர முடியாது என்று அரசே ஒப்புக்கொண்டது. அவரவரே பிழைத்துக்கொள்ள வேண்டும். எப்படி என்பதைக் காதில் சொல்லித்தருவோம் என்றார்கள். பயந்துபோன மனிதனின் மனத்தில் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் தங்காது என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். எந்த அறிவுறுத்தலும் அந்த அளவைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் சாவு பாதியாகக் குறைந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பொய் எழுதினால் இதற்குப் பயன் இல்லை.

ஆனால் நாளாக ஆக, குரல் சொன்னதை மட்டுமே செய்யப் பழகிவிட்டோம். கடைசிச் சொல்லோடு எங்கள் கையும் நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கொள்ளிடம் கரை உடைத்த ஆண்டு, நானும் என் கணவர் அறவாழியும் எங்கள் பதினொரு வயது மகளும் ஒரு நெல் கிடங்கின் மொட்டை மாடியில் ஆறு நாள் இருந்தோம். சுற்றிலும் தேநீர் நிறத்தில் தண்ணீர். கொண்டுபோன குடிநீர் இரண்டாம் நாளே தீர்ந்தது. அன்று செவிமணி பேசியது.

‘மக்கள் காப்பு வாரியம் பேசுகிறது. கலங்கல் நீரில் தேத்தாங்கொட்டையை உரசிக் கலக்கு. தெளிந்ததும் மேல்நீரைக் குடி.’

வாரியம் தந்த அவசரப் பையில் மண்பானையும் ஒரு பிடி தேத்தாங்கொட்டையும் இருந்தன. அறவாழி பானையின் உட்புறத்தில் கொட்டையை உரசு உரசென்று உரசித் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். ஒரு மணி நேரத்தில் சேறெல்லாம் அடியில் படிந்தது. மகள் எட்டிப் பார்த்து, “கண்ணாடி மாதிரி இருக்குப்பா,” என்றாள். மூவரும் குடித்தோம். அவளுக்குத்தான் முதல் டம்ளர்.

மறுநாள் மாலை அவளுக்கு வயிறு போகத் தொடங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போயிற்று. நான்காம் நாள் விடியலில் அவள் போனாள். அன்று மாலை அவர் போனார். எனக்கும் வந்தது, ஆனால் நான் பிழைத்தேன். ஏன் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. இறப்புச் சான்றிதழ்களில் காரணம் ‘நீரிழப்பு’ என்று இருந்தது. சுற்றிலும் நீர் நின்ற இடத்தில் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை போலும்.

தேத்தாங்கொட்டை சேற்றைத்தான் இறக்கும், நோய்க்கிருமியைக் கொல்லாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெளிந்த நீரை ஒளி புகும் புட்டியில் அடைத்து ஒரு பகல் கடும் வெயிலில் போட்டிருந்தால் போதும். அந்த மாடியில் வெயில் கொளுத்தியது. காலிப் புட்டிகள் மூன்று எங்கள் காலடியில் உருண்டுகொண்டிருந்தன.

நான் அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தவள். விடுபட்ட சொல்லைத் தேடுவது என் தொழில். வாரியத்தில் செவிச்சரிபார்ப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தேன். ஒலிபரப்புக்கு முன் ஒவ்வோர் அறிவுறுத்தலையும் கேட்டு, சொற்களை எண்ணிக் கையெழுத்துப் போடும் வேலை. சேர்ந்த ஏழாம் மாதம் பழைய வரைவுகள் இருந்த கோப்பு கிடைத்தது.

முதல் வரைவு இப்படி இருந்தது: ‘கலங்கல் நீரில் தேத்தாங்கொட்டையை உரசிக் கலக்கு. தெளிந்ததும் மேல்நீரைப் புட்டியில் பகலெல்லாம் வெயிலில் வைத்துக் குடி.’ எண்ணினேன். பன்னிரண்டு. வாரியத்தின் பெயர் அதில் இல்லை. பிறகு கொள்ளைக்காரர்கள் செவிமணியில் கள்ளச் செய்தி அனுப்பி வீடுகளைக் காலி செய்ய வைத்துத் திருடியதால், ஒவ்வோர் அறிவுறுத்தலும் வாரியத்தின் பெயரோடு தொடங்க வேண்டும் என்று ஆணை வந்தது. பெயருக்கு நான்கு சொற்கள். அந்த இடத்துக்காக இங்கே நான்கு சொற்களின் மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் கையெழுத்து: தில்லைநாயகம்.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். ஐம்பத்தொன்பது வயது. நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரத்த அழுத்த மாத்திரை. யாரையும் கடிந்து பேசாதவர். என் பிறந்தநாளுக்குக் கூட்டுறவுக் கடையில் இருந்து பால்கோவா வாங்கி வந்தவர். தெரியாமல் வெட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். தெரியாமையையும் தண்டிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறிவுறுத்தல் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஆற்றுத்திட்டில் ஐந்து நாள் களப்பயிற்சி செய்ய வேண்டும். இருவர் இருவராகப் போக வேண்டும்; காதில் சொல்வதை மட்டும் வைத்துப் பிழைக்க வேண்டும். தில்லைநாயகம் ஒன்பது ஆண்டுகளாக மருத்துவ விலக்குக் கடிதம் கொடுத்து வந்தார். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அந்தக் கடிதம் காலாவதி ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். அவருக்குத் துணையாக என் பெயரை எழுதினேன். இதற்காக இரண்டு ஆண்டுகள் விடுமுறை தோறும் பரிசல் துழாவக் கற்றேன். நெருப்புக் கல்லில் பொறி எடுக்கவும், உப்புச் சர்க்கரை நீர் கலக்கவும் கற்றேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. வயிறு போகிறவரை அது காப்பாற்றும். என் மகளுக்கு அதை யாரும் காதில் சொல்லவில்லை.

ஆவணி மாதம் போனோம். திட்டில் நாணலும் களிமண்ணும்தான். மணலெல்லாம் அள்ளப்பட்டுப் போன ஆறு அது. ஊற்றுத் தோண்டினால் சேறுதான் வரும். மேலே இரண்டு ஊர்களின் சாக்கடை அந்தக் கிளையில் கலக்கிறது. ஒரு பானை, ஒரு பிடி தேத்தாங்கொட்டை, இரண்டு புட்டி, நெருப்புக் கல், தார்ப்பாய், அவல் மூட்டை, ஒரு பரிசல். ஐந்தாம் நாள் காலை ரோந்துப் படகு வரும். அதுவரை யாரும் வரமாட்டார்கள். செவிமணியில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது.

என் திட்டம் எளியது. அவர் தன் சொற்படியே தண்ணீரைத் தெளியவைத்துக் குடிப்பார். நான் தடுக்கமாட்டேன்.

முதல் நாள் கொண்டுபோன நீர் போதுமானதாக இருந்தது. அன்று மாலை என் மனம் தளர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் தன் பங்கு வெல்லத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார். ‘உங்களுக்கு வேட்டி மடிக்கக்கூடத் தெரியாது’ என்று மனைவி சொல்வாள் என்றார். நாணலை வெட்டத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொண்டார். நானே கட்டுப் போட்டுவிட்டேன். காலையில் அவர் பானையைத் தூக்கும்போது கையைப் பிடித்துத் தடுத்துவிடலாம், ஒரு வரி சொன்னால் போதும் என்று முடிவுசெய்திருந்தேன்.

காலையில் அவர் கொட்டையை உரசினார். கலக்கினார். தெளியும்வரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறக்கப்போன நேரத்தில், அவர் இரண்டு புட்டிகளையும் எடுத்து, மேல்நீரைத் துளி சிந்தாமல் ஊற்றி மூடி, தார்ப்பாயின் மேல் வெயில் நேராக விழும் இடத்தில் படுக்கவைத்தார்.

“சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும் கமலம். அப்புறம் குடிக்கலாம்,” என்றார்.

எதற்கு வெயிலில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தெளிஞ்சா சுத்தம்னு ஆயிடாதும்மா. கிருமி சாவணும்ல?”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் யார், எங்கிருந்து வந்தவள் என்று அப்போது சொன்னேன். நெல் கிடங்கைச் சொன்னேன். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். பிறகு, தான் வெட்டாவிட்டால் வேறு ஒருவர் வெட்டியிருப்பார் என்றார். ஒரே மாதத்தில் நூற்று நாற்பது அறிவுறுத்தல்களிலிருந்து நந்நான்கு சொற்கள் எடுக்க வேண்டியிருந்தது என்றார். பெயர் இல்லாவிட்டால் ஜனங்கள் நம்பமாட்டார்கள், நம்பாவிட்டால் இன்னும் அதிகம் பேர் சாவார்கள் என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

“பேர ‘வாரியம்’னு ஒத்தச் சொல்லா சுருக்கியிருக்கலாமே சார்?”

“மேல கேட்டேன். முழுப் பேரும் வரணும்னுட்டாங்க.”

“எத்தன தடவ கேட்டீங்க?”

அவர் நாணல் கிழித்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒரு தடவ.”

நடுப்பகலில் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு தார்ப்பாய் நிழலில் உறங்கினார். நான் இரண்டு புட்டிகளையும் எடுத்தேன். தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியாதபடி நெருப்புக் கல்லையும் எடுத்தேன். பரிசலை அவிழ்த்து எதிர்க்கரைக்குத் துழாவினேன். நடுவில் ஐம்பது அடி அகலம் இருக்கும், இழுப்பு அதிகம். அவருக்கு நீந்தத் தெரியாது.

எழுந்ததும் முதலில் புட்டி கிடந்த இடத்தைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தவில்லை.

“விளையாடாதம்மா,” என்றார்.

“எங்களுக்குக் குடுத்ததெல்லாம் உங்ககிட்ட இருக்கு சார். பான இருக்கு. கொட்ட இருக்கு. தண்ணி இருக்கு.”

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் செவிமணி சிணுங்கியது. பயிற்சி வாரம் என்பதால் அதே அறிவுறுத்தல், அதே குரல். கடைசிச் சொல் வந்தபோது அவர் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். வெயில் ஏற ஏற உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார். அவலை மென்று விழுங்க முடியாமல் துப்பினார். நான் முந்தின நாள் மாலைவரை என் கரையில் வெயிலில் கிடந்த புட்டியிலிருந்து அவர் பார்க்கும்படி குடித்தேன். அதற்காக வெட்கப்படவில்லை.

அன்று பிற்பகல் பானையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே வெகுநேரம் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. அது ஒன்றுதான் வேறுபாடு. அந்த வேறுபாட்டை அவருக்குக் கொடுக்கத்தான் நான் இரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. அவர் கையால் அள்ளிக் குடித்தார். பிறகு பானையையே தூக்கிக் குடித்தார்.

நான்காம் நாள் உச்சியில் நோய் வந்தது. மாலையில் பரிசலில் போனேன். கண் குழிந்து, விரல் நுனிகள் துவைத்த துணிபோலச் சுருங்கி, என் கணவர் கிடந்தபடியே கிடந்தார். என் பையில் சர்க்கரையும் உப்பும் இருந்தன. புட்டியில் நல்ல தண்ணீர் இருந்தது. கலந்து கொடுத்திருந்தால் தாங்கியிருப்பார். நான் பையைத் திறக்கவில்லை.

“ஒங்க பொண்ணு பேரு என்னம்மா?” என்று கேட்டார். குரல் காற்றுப்போல இருந்தது.

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்காக அல்ல. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எனக்கே வெகுநாளாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ரோந்துப் படகு வந்தபோது அவர் உயிர் போயிருந்தது. சான்றிதழில் ‘நீரிழப்பு, வயது, வெயில்’ என்று எழுதினார்கள். வாரியம் மலர்வளையம் வைத்தது.

பதினாறாம் நாள் காவல் நிலையத்துக்குப் போனேன். ஆய்வாளர் மெர்லின், என்னைவிட இளையவள், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, துக்கத்தில் இப்படித்தான் தோன்றும், வீட்டில் யாராவது துணை உண்டா என்று விசாரித்தாள்.

“நான் கொன்னேன்.”

“எத வெச்சும்மா?”

“அந்தத் தண்ணிய வெச்சு.”

அவள் பேனாவை மூடினாள். “வாரியம் சொன்னபடி தெளிய வெச்ச தண்ணியத்தானே குடிச்சாரு. அதக் குடிச்சு ஆள் சாவும்னு நான் எழுதுனா, கேஸு ஒங்க மேல நிக்காது. வேற எங்கயோ போயிரும்.” பிறகு குரலைத் தணித்து, “வீட்டுக்குப் போங்கக்கா,” என்றாள்.

நான்கு முறை வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். நான்கும் திரும்பி வந்தன. அந்த அறிவுறுத்தல் மட்டும் ஒரு சொல்லும் மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. போன மாதம் காவிரியில் வெள்ளம் வந்தபோதும் ஒலித்தது. பழைய அச்சக முதலாளியிடம் ஒரு கைப்பொறி இன்னும் ஓடுகிறது. இந்தப் பக்கங்களை அதில் முந்நூறு படி அடித்திருக்கிறேன். என் பெயர் செங்கமலம். என் முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

என்னைத் தூக்கில் போட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. நான் மறுக்கப்போவதில்லை, வக்கீல் வைக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில், நான் எதைக்கொண்டு கொன்றேன் என்பதை ஒரு நீதிபதி தன் கையால் எழுதியே ஆக வேண்டும்.