ஏரிக்குள் போன குட்டி ரயில்

படகு வரிசையில் நின்றுகொண்டு வழக்குக் கேட்கிற பழக்கம் நிதானத்துக்கு இல்லை. அன்று வேறு வழியில்லாமல் போயிற்று.

நிதானம் என்பது அவருடைய பெயர் அல்ல. காவல் துறையில் இருந்த காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் எரிச்சலில் வைத்த பட்டம். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தபோது அதுவும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த வழக்கையும் தொடுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மன்னர்கள் இருந்து ஆண்ட பழைய தலைநகரம் அது. அதைப் பிள்ளைகளோடு ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று மைத்துனன் திட்டம் போட்டிருந்தான். கட்டியவர்களே அத்தனையையும் ஒரு நாளில் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் கோட்டை, பாதிப் படியில் சின்னவன் உட்கார்ந்துவிட்டதால் மீதிப் படிகளுக்கு அவனைத் தூக்க வேண்டியிருந்தது. அடுத்து அருங்காட்சியகம், மூத்தவள் தொட்டதெல்லாம் தொடக் கூடாத பொருளாகவே அமைந்தது. பிறகு மிருகக்காட்சிசாலை. அங்கே புலி தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பச் சொல்லிச் சின்னவன் அழுதான்.

இப்போது அரண்மனைப் பூங்கா. இங்கே குட்டி ரயில் இருக்கிறது என்று சொல்லித்தான் இரண்டு பேரையும் காலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். வந்து பார்த்தால் ரயில் ஓடவில்லை.

"ஓடுமா ஓடாதான்னு முன்னாடியே விசாரிக்க மாட்டியாடா?" என்று மனைவி தம்பியைக் கேட்டாள்.

"போன வாரம் ஓடுச்சுக்கா," என்றான் அவன். அதில் ஏதோ சமாதானம் இருக்கிற மாதிரி.

வரிசைக்குப் பக்கத்தில் பூங்காவின் போட்டோக்காரர் மாதிரிப் படங்கள் ஒட்டிய பலகையைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் ஒரு படம் சின்னவன் கண்ணில் பட்டுத் தொலைத்தது. இவன் வயதுப் பையன் ஒருவன் ரயில் எஞ்சினில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, விசில் கயிற்றைப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். "எனக்கும் அந்த மாதிரி போட்டோ," என்று சின்னவன் ஆரம்பித்தான். ஆரம்பித்ததை நிறுத்துகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் உயரமும் பருமனுமான ஓர் ஆள், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நிதானத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நீங்க நிதானம் சார்தானே? பேப்பர்ல பார்த்திருக்கேன். நான் அந்த ரயிலை ஓட்டறவன். பசங்க கூக்கூ மாமான்னு கூப்பிடுவாங்க."

நிதானம் மனைவி பக்கம் திரும்பாமலேயே, "சொல்லுங்க," என்றார்.

"வியாழக்கிழமை மதியம் வண்டியை நிலையத்துல நிறுத்திட்டுச் சாப்பிடப் போனேன் சார். பாதிச் சாப்பாட்டுல சத்தம். ஓடி வந்து பார்த்தா, வண்டி தானா சரிவுல உருண்டு, வளைவுல தடம் புரண்டு, வேலியை உடைச்சுக்கிட்டு ஏரிக்குள்ள மூக்கை விட்டுக் கிடக்குது. நல்ல வேளை, உள்ள யாரும் இல்லை. பிரேக் போடாமப் போயிட்டேன், வயசாகி மறதி வந்துருச்சுங்கறாரு மேலாளர். இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. அதோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வேலையைக் காப்பாத்தணும். அதானே?"

பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். "வேலை போனாப் போகட்டும் சார். பிரேக்கை நான் போட்டேனா, இல்லையா? அது தெரியணும். போட்டேன்னு கை சொல்லுது. மனசு சொல்ல மாட்டேங்குது. கண்ணை மூடினா, வண்டி நிறையப் பசங்க உக்காந்திருக்கற மாதிரியே வருது."

அவர் குரல் உடைந்துவிட்டது. நிதானம் மெல்ல மனைவியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "உங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அங்கயும் ஒரு மரம் வந்து வழக்கு சொல்லும். போங்க. நாங்க படகுல போறோம்."

மைத்துனன் ஓடிப் போய் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அத்தான் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். துப்பறிவது என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மூளையும் வேண்டாம் என்று நினைத்துவிட்டதுதான் சிக்கல்.

ரயிலை மீட்டுக் கொண்டுவந்து நிலையத்தில் நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினின் மூக்கு நசுங்கியிருந்தது. நிலையம் என்பது ஒரு தகரக் கூரை. அதற்கு மேல் ஒரு பெரிய மரம் கவிந்து கிடந்தது. உச்சி வெயிலிலும் ஓட்டுநர் இருக்கை இருட்டாகவே இருந்தது. வெயில் எஞ்சினின் மூக்கில் மட்டும் விழுந்தது. அங்கிருந்து தண்டவாளம் ஏரியைப் பார்த்து லேசாகச் சரிந்தது.

"இந்தப் பிரேக் தானா விடுமா?" என்று கேட்டார் நிதானம்.

"விடாது சார். இந்தக் கம்பியை இழுத்து, இந்த ஊசியைச் சொருகணும். ஊசியை எடுத்தாத்தான் கம்பி நகரும். காத்துக்கெல்லாம் நகராது."

"உங்க இடத்துல வேற யாரையாவது உக்கார விடுவீங்களா?"

"என் பேரனையே விட்டதில்லை சார். வண்டி ஓடறப்ப நான்தான் உக்காந்திருப்பேன். வண்டி நிக்கறப்பவும் பசங்களுக்குப் பின் பெட்டிதான்."

"அவ்வளவு கறாரான ஆளுக்குத் தன் கை மேலயே ஏன் சந்தேகம்?"

கூக்கூ மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். "மேலாளர்கிட்ட இதைச் சொல்லலை சார். எஞ்சின் கதவு இந்தத் தூணுக்கு நேரா வர்ற மாதிரிதான் எப்பவும் நிறுத்துவேன். ஆனா சில நாள் சாப்பிட்டு வந்து பார்த்தா, ரெண்டு முழம் முன்னால நிக்கிற மாதிரி இருக்கும். நிறுத்துனது தூணுக்கு நேராத்தானான்னு குழம்பிடுவேன். வெளிய சொன்னா, கிழவனுக்குப் புத்தி பிசகிருச்சும்பாங்க."

அதற்குள் மைத்துனன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "அத்தான், முடிஞ்சுது வழக்கு. படகுக்காரன் செருப்பு முழுக்கச் சேறு. ரயில் வந்ததிலேர்ந்து படகுக்குக் கூட்டம் பாதி ஆயிடுச்சாம். பொறாமை."

"ஏரிக்கரையில வேலை பார்க்கறவர் செருப்புல சேறு இல்லாம, பன்னீரா இருக்கும்?"

மைத்துனன் முகம் சுருங்கியது. கூக்கூ மாமாவே அவனுக்காக வருத்தப்பட்டு, "மதியத்துல இந்தப் பக்கம் மூணே பேர்தான் தம்பி," என்றார். "படகுக்காரர், டீக்கடைக்காரர், போட்டோக்காரர். சத்தம் கேட்டப்ப மூணு பேரும் டீக்கடையிலதான் இருந்தாங்களாம். டீக்கடைக்காரரே சொல்றாரு."

நாலு மணிக்கு மேலாளர் வந்தார். விசாரணையை டீக்கடை பெஞ்சிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நிதானம் கேட்டதும், வெயிலில் அலுவலகம் வரை திரும்பி நடக்கச் சோம்பல்பட்டு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு, எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று கடுகடுத்துக்கொண்டிருந்தார்.

"மறதிக்கு எதுக்கு சார் துப்பறியறவரு?" என்றார். "கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."

"ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுங்க," என்ற நிதானம், போட்டோக்காரரிடம் திரும்பினார். கழுத்தில் கேமராவோடு அவர் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருந்தார். "அன்னிக்குச் சத்தம் கேட்டப்ப என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

"இங்கதான் சார் இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் ஞாபகம் இல்லை."

"பாவம், மறந்துட்டார் போல," என்றார் நிதானம் டீக்கடைக்காரரிடம். "நீங்களே அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டுப் போட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "என்னப்பா, அதுக்குள்ளயா மறந்துட்ட? நாங்க டீ குடிச்சுக்கிட்டிருந்தோம். டமார்னு சத்தம். படகுக்காரர் கையில இருந்த டம்ளரை அப்படியே போட்டுட்டு ஓடினாரே, அந்த டம்ளர் கூட உடைஞ்சு போச்சே."

"ஆமா, ஆமா," என்றார் போட்டோக்காரர்.

"உடைஞ்ச டம்ளருக்கு இன்னும் என்னைத் திட்டறாரு சார்," என்றார் படகுக்காரர்.

"அப்ப மூணு பேரும் இங்க இருந்தாச்சு," என்று மேலாளர் பேனாவைத் திறந்தார். 

அந்த நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை வரிசை நகர்ந்து ஒருவழியாகப் படகும் ஏறி இறங்கி, மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மூத்தவள் பாதி நனைந்திருந்தாள். மனைவி முழுக்க நனைந்திருந்தாள்; எப்படி என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை. சின்னவன் மட்டும் காய்ந்த சட்டையோடு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்: "எனக்கு ரயில்ல உக்காந்து அந்த மாதிரி போட்டோ."

"நீ கேக்கறதும் நியாயம்தான்," என்ற நிதானம், மைத்துனனை அனுப்பி அந்தப் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். போட்டோக்காரர் எழுந்தார். படகுக்காரர் அவர் தோளில் கையை வைத்து உட்கார வைத்தார். பொறாமைக்காரன் என்று பெயர் வாங்கிய கோபம் அந்தக் கையில் இருந்தது.

"மேலாளர் சார், இந்தப் படத்தைப் பாருங்க," என்றார் நிதானம். "பையன் ஓட்டுநர் இடத்துல உக்காந்திருக்கான். கூக்கூ மாமா யாரையும் அங்க விடறதில்லை. அப்ப அவர் சாப்பிடப் போன நேரத்துல எடுத்த படம். பையன் முகத்துல வெயில் அடிக்குது. ஆனா அந்த நேரத்துல, நிலையத்துல நிக்கிற எஞ்சினுக்குள்ள வெயிலே வராது. மூக்குல மட்டும்தான் விழும். அப்ப பையன் முகத்துக்கு வெயில் எப்படி வந்துச்சு?"

மேலாளர் படத்தையும் தூரத்தில் தெரிந்த தகரக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயில் நகராது. வண்டியைத்தான் நகர்த்தணும்," என்றார் நிதானம். "ஊசியை எடுத்து, பிரேக்கைக் கொஞ்சம் விட்டா, சரிவுல அதுவே ரெண்டு முழம் முன்னால போகும். இருக்கை வெயிலுக்கு வந்துரும். படம் நல்லா விழும். அப்புறம் கம்பியை இழுத்து ஊசியைத் திரும்பச் சொருகிட்டா யாருக்கும் தெரியாது. திரும்ப மேல தள்ள ஒரு ஆளால முடியாது. அதனால வண்டி அங்கயே நிக்கும். சாப்பிட்டு வந்து பார்க்கறவர் தன் புத்தி மேல சந்தேகப்படுவார்."

"சார், நான் இங்க டீக்கடையில..." என்று ஆரம்பித்தார் போட்டோக்காரர்.

"இல்லை. டீக்கடைக்காரர் உங்க முகத்தைப் பார்த்து என்ன சொன்னார்? 'நாங்க டீ குடிச்சுக்கிட்டிருந்தோம்.' நீங்களும் கூட இருந்திருந்தா 'நாம டீ குடிச்சுக்கிட்டிருந்தோம்'னு சொல்லியிருப்பார். டீ குடிச்சது அவரும் படகுக்காரரும். நண்பனுக்காக ஒரு பொய் சொல்லணும்னு வாய்க்குத் தெரியும். அந்த 'நாங்க'வுக்குத் தெரியலை."

மைத்துனனுக்குத் திருப்தி இல்லை. "அத்தான், இது வாய் தவறி வர்றதுதானே? இதை வச்சு ஒரு ஆளைப் பிடிக்கலாமா?"

"மதியம் உங்க அக்கா என்னைப் பார்த்து 'நாங்க படகுல போறோம்'னு சொன்னா. நீ எனக்கு டிக்கெட் எடுத்தியா?"

மைத்துனன் விரல் விட்டு மூன்று டிக்கெட்டையும் எண்ணிப் பார்த்தான். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி, சிரிப்பு வந்ததை யாருக்கும் காட்டவில்லை.

டீக்கடைக்காரர்தான் முதலில் உடைந்தார். "எனக்கு இது தெரியாது சார். வேலை நேரத்துல வெளிய போயிருந்தேன், மேலாளர் திட்டுவார், உன் கடையில இருந்ததா சொல்லுன்னு கேட்டான். சொன்னேன். இதுக்குன்னு தெரிஞ்சிருந்தா என் நாக்கு எழும்பியிருக்காது." அவர் போட்டோக்காரரை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

போட்டோக்காரர் கேமராவைக் கழற்றி மடியில் வைத்தார். "எல்லாருக்கும் எஞ்சின்ல உக்காந்து படம் வேணும் சார். நிழல்ல எடுத்தா மூஞ்சி கறுப்பா வருதுன்னு சண்டைக்கு வர்றாங்க. நான் என்ன பண்றது? எப்பவும் சக்கரத்துக்குக் கல் வைப்பேன். அன்னிக்குப் பையனை இறக்கி விட்டுட்டு, பிரேக்கைப் பழையபடி போடலாம்னு திரும்பறேன், கல் நழுவி வண்டி போயே போயிருச்சு. அந்தக் குடும்பமும் பயந்து ஓடிருச்சு. அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே."

கூக்கூ மாமா ஓர் அடி முன்னால் வந்தார். "அப்ப நான் போட்டேன்," என்றார், நிதானத்தைப் பார்த்து.

"போட்டீங்க. ஒரு நாள் கூட மறக்கலை."

பெரியவர் போட்டோக்காரரிடம் திரும்பினார். "எத்தனை நாளா இதைப் பண்றே?"

"ஒரு வருஷமா இருக்கும்ணே."

"ஒரு வருஷம்," என்றார் கூக்கூ மாமா. "ஒரு வருஷமா வீட்டைப் பூட்டிட்டுத் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கறேன்யா. அடுப்பை அணைச்சோமான்னு தூங்கறவளை எழுப்பிக் கேக்கறேன். அணைச்சாச்சு, படுங்கன்னு பொறுமையாச் சொல்வா. அவ அந்தப் பக்கம் திரும்பி அழறது எனக்குக் கேக்காதா? பேரனைத் தனியா என்கூட வெளிய அனுப்ப மாட்டேன்னுட்டா என் மருமக. அவ சொல்றதும் சரிதான்னு நான் வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு முழ வெயிலுக்காகவாய்யா?"

சின்னவன்கூடப் படம் கேட்பதை நிறுத்திவிட்டு, அம்மாவின் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேலாளர் பேனாவை மூடினார். தப்பு தன் பக்கம் என்று தெரிந்த அதிகாரி எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். "சரி, சரி. நீங்க நாளைக்கே வேலைக்கு வந்துருங்க. ஆனா ஒண்ணு, இனிமேலாவது சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பிரேக்கை ரெண்டு மூணு தடவை சரிபார்த்துட்டுப் போங்க."

கூக்கூ மாமா கசங்கிப் போன தொப்பியை உதறித் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு தடவை போதும் சார்," என்றார்.