கலியன் வாயில் அரிசி

விருத்தாம்பாள் வந்து உட்கார்ந்தவள் அழவில்லை. அதுவே முருகையனின் மனத்தைப் பிசைந்தது.

"என் தம்பி கலியனைக் கொன்னவன் ஆஸ்பத்திரியில சொகமா படுத்திருக்கான். சாட்சி இல்லன்னு போலீஸ் இழுக்குதுங்க. நீங்க சொன்னா எடுபடும்" என்றாள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம் தலையசைத்தார். முருகையன் அவருடைய உதவியாளன்.

எழுபத்து நான்காம் வருஷம் மரக்காணத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. அண்ணன் தெய்வசிகாமணி, அக்கா விருத்தாம்பாள், கடைசித் தம்பி கலியன் மூவரும் சேர்ந்து மனை வியாபாரம் செய்தார்கள். கடலோர மனை என்று அவர்கள் சென்னைக்காரர்களுக்கு விற்றது உப்பளத்து நிலம். ஐப்பசி மழையில் மனைக்கற்கள் முழுகின. பத்திரிகைகள் எழுதின. ஏமாந்தவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். சங்கத் தலைவன் இருசப்பன் மேடையில், "எங்க மண்ணை வித்தவன் வாயில உப்பைக் கொட்டி அடைக்கணும்" என்று பேசினான்.

அடுத்த சித்திரையில் கலியன் உப்பளத்து வரப்பில் பிணமாகக் கிடந்தான். வாய் நிறைய உப்பு. மேடையில் சொன்னதைச் செய்துவிட்டான் என்று, இருசப்பன் பின்னால் கோஷம் போட்ட அதே கூட்டம் இருசப்பனையே இழுத்துப் போட்டு அடித்தது; கண்களில் உப்பை வைத்துத் தேய்த்தது.

பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டரை இருவரும் சந்தித்தார்கள். "மூச்சடைச்சுதான் செத்திருக்கான். மாவு மாதிரி உப்பு. அதுல நாலஞ்சு அரிசியும் கிடந்துது" என்றார் அவர்.

"வாய்க்கரிசி சார்" என்றான் முருகையன் வெளியே வந்ததும். "கொன்னுட்டு கேலியா போட்டிருக்கான், பாவி."

சிவப்பிரகாசம் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தார். உப்பளத்துக்குப் போய், குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி முருகையன் கையில் வைத்தார். ஒவ்வொரு உப்புக் கல்லும் கற்கண்டு அளவு இருந்தது.

மதியம் பொம்மையார்பாளையத்தில், அக்காவும் தம்பிகளுமாக நடத்திய மனை ஆபீசில் சாப்பாடு. மனை பார்க்க வருகிறவர்களுக்குப் பந்தி போடும் நீள மேசை. சிவப்பிரகாசம் உப்புச் சீசாவைத் தட்டினார். தூளோடு இரண்டு அரிசியும் இலையில் விழுந்தன.

"கடல் காத்துங்க. அரிசி போடலன்னா தூள் உப்பு கட்டியாயிடும்" என்றாள் விருத்தாம்பாள்.

முருகையன் டாக்டர் சொன்னதை நினைத்து இலையில் விழுந்த அரிசியைப் பார்த்தான்.

"இருசப்பனா இருந்தா கையில கிடைச்ச கல் உப்பைத் திணிச்சிருப்பான்" என்றார் சிவப்பிரகாசம், குரலை உயர்த்தாமல். "ஊர்ல எல்லார் வீட்டுலயும் கல் உப்புதான். தூளையும் அரிசியையும் ஒண்ணா வெச்சிருக்கிற மேசை இது. வாய்க்கரிசி சுடுகாட்டுல போடுறது. டாக்டர் அதுக்கு முன்னாடியே அரிசியைப் பாத்துட்டாரு. கலியன் செத்தது உப்பளத்துல இல்ல. இங்க."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த தெய்வசிகாமணி இலையைத் தள்ளி வைத்தான். "நான் வேணான்னுதான் சொன்னேன். காலைப் பிடிச்சதோட சரி" என்று முனகினான்.

விருத்தாம்பாள் அண்ணனை அருவருப்போடு பார்த்தாள். "உப்பளத்து நிலம்னு தெரிஞ்சேதான் வித்தோம்னு கூட்டத்துல சொல்லப் போறேன்னான் கலியன். மூணு பேரும் ஜெயிலுக்குப் போயிருப்போம். அவன் செத்தப்புறம்தான் ஊரு எங்களுக்காக அழுதுது. திட்டினவனெல்லாம் மாலையோட வந்தான்."

"கத்தினானா?" என்று முருகையன் தன்னையறியாமல் கேட்டான்.

"வாயில உப்பு இருக்கே" என்றாள் அவள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குச் சேதி சொல்ல முருகையன் போனான். இருசப்பனின் இரு கண்களும் போய்விட்டதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். கட்டிலில் ஒட்டிக் கிடந்தவன் முழுதும் கேட்டுவிட்டு முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினான்.

"என்னை அடிச்சவங்களுக்கும் சொல்லியாச்சாங்க?"

"சொல்லியாச்சு."

"எவனாச்சும் வந்திருக்கானா?"

முருகையன் வாசலைப் பார்த்தான். வராந்தாவில் ஈரத் துடைப்பம் ஒன்று சாய்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

"வந்துக்கிட்டு இருக்காங்க" என்றான்.

இருசப்பன் தடவித் தடவித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் வரும்போது படுத்திருக்கக் கூடாதென்று, எழுந்து உட்கார்ந்தான்.