சொல்வதெழுதல் பதினான்கு

அழிக்க அழிக்க இடம் குறைந்துகொண்டிருந்தது.

தன் கண்ணில்தான் பிழையென்று தம்பித்துரை முதலில் நினைத்தார். கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். மகளின் பழைய விளையாட்டுகள் மூன்றையும் நீக்கியபோது கணினியில் மூன்று கிகாபைட் இடம் காலியாகியிருந்தது. இப்போது அது இரண்டே முக்கால். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டரை.

“என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை?” மேசையில் கிடந்த தொலைபேசியின் ஒலிபெருக்கியில் ஆதிரை கேட்டாள்.

“குறையுது பிள்ளை.”

“என்ன குறையுது?”

“இடம். நாங்கள் அழிச்சு எடுத்த இடம். ஓட்டை வாளியிலை தண்ணி போற மாதிரிப் போகுது.”

ஆதிரை ஸ்டுட்கார்ட்டில் இருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். இந்த நிலையில் ரயிலேறி வுப்பர்டாலுக்கு அலைய வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதால், தகப்பனின் முகத்தைத் திரையிலாவது நாளுக்கொருமுறை பார்க்கவேண்டுமென்று நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கமெரா வாங்கி அனுப்பியிருந்தாள். அதைப் பெட்டி பிரிக்காமலே நாலு கிழமை வைத்திருந்தார் தம்பித்துரை. கமெராவைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. கணினி இருந்த அறைதான் ஏலாமல் இருந்தது.

ஆதிரை படித்து வளர்ந்த அறை அது. அவள் கலியாணம் முடித்துப் போனபிறகு மனைவி பாலாம்பிகை அதை எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்தவள். பிள்ளைகள் வீட்டில் போட்டுக் கேட்டு எழுதட்டுமென்று, காதில் ஒலிவாங்கியோடு கூடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சொல்வதெழுதல் பாடங்களைக் கணினியில் பதிந்து, சிடியாக்கிக் கொடுப்பாள். போன சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்க, அந்த மேசைக்குக் கீழேதான் விழுந்து கிடந்தாள். இரவு வேலை முடித்து வந்து, ஜன்னல் தட்டியை இறக்கி, காதுக்குள் மெழுகுப் பஞ்சை அடைத்துக்கொண்டு அடுத்த அறையில் தூங்கிய தம்பித்துரை பகல் இரண்டு மணிக்கு எழும்பி வந்து பார்த்தபோது அவள் உடம்பு ஆறியிருந்தது. ஒரு கை கதவுப்பக்கமாக நீண்டிருந்தது.

“மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. ஒரு நொடிதான். ஒன்றும் தெரிந்திருக்காது,” என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் தம்பித்துரை இத்தனை மாதமும் நடமாடினார். செத்தவீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அதைத்தான் சொன்னார். ஒரு நொடிதானாம். ஒண்டும் தெரிஞ்சிருக்காதாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்றே கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அறையைச் சாத்தினார்.

இன்றைக்குத்தான் திறந்தார். தை மாதத்துச் சாம்பல் வெளிச்சம் நாலு மணிக்கே வடியத் தொடங்கியிருந்தது. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் வெப்பமூட்டியைத் திறந்ததும் தூசி கருகும் மணம் எழுந்தது. அதற்கு அடியில், அவள் தலையிடிக்குப் பூசும் தைலத்தின் மணம். கணினி விழிப்பதற்கு இருபது நிமிடம் எடுத்தது. பெட்டிக்குள் என்னவோ ஓயாமல் சுரண்டிக்கொண்டிருந்தது.

“வைரஸ் ஏதும் பூந்திருக்கும்,” என்றாள் ஆதிரை. “பப்பியகோர்ப்பை வெறுமையாக்கினீங்களே?”

“ஓம். குப்பைக்கூடை வெறுமையாத்தான் கிடக்கு.”

“அப்ப நான் சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ. எல்லா ஃபைலையும் அளவின்படி வரிசைப்படுத்துங்கோ. ஆகப் பெரிசு மேலை வரும். அதுதான் கொம்பியூட்டரைப் போட்டு அமத்துது.”

அவள் சொன்ன இடங்களில் அமர்த்தினார். பட்டியல் மெல்ல மெல்ல, மேலிருந்து கீழாக நிரம்பியது. முதலாவதாக நின்ற ஒரேயொரு கோப்பு, மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதன் கால்தூசிக்கு வராத அளவில் இருந்தது.

“என்ன பேர் போட்டிருக்கு?”

அவர் வாசித்தார். மனதுக்குள்தான் வாசித்தார். ஆங்கில எழுத்தில் பாலாம்பிகை அடித்த தமிழ். சொல்வதெழுதல் 14.

“அப்பா?”

தொடங்கிய நாள்: 2006 ஏப்ரல் 12, காலை 10.06.

கடைசியாக மாறிய நாள்: இன்று. 16.51.

திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். 16.51. அவர் பார்க்க அது 16.52 ஆனது. பட்டியலிலும் 16.52 என்று மாறியது.

“அப்பா, இருக்கிறீங்களே?”

“ஓம் ஓம். உது என்னவோ பழைய படம் பிள்ளை.” தன் குரல் சாதாரணமாக வந்தது அவருக்கே வியப்பாக இருந்தது. “நான் அதை அழிச்சுப்போட்டு எடுக்கிறன். நீ கொஞ்சம் படு. கனநேரம் இருந்திட்டாய்.”

“சுகமில்லையே உங்களுக்கு?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன். வை.”

தொலைபேசியை நிறுத்தினார். கோப்பின் மேல் வைத்து, அழிக்கும் பொத்தானை அமர்த்தினார். மணியடித்தாற்போல ஒரு சத்தம். ஜெர்மனில் ஒரு வரி. இந்தக் கோப்பை அழிக்க முடியாது. இது பாவனையில் உள்ளது.

மேசை ஓரத்தில் அவளுடைய ஹெட்போன் சுருண்டு கிடந்தது. அம்புலன்ஸில் வந்தவர்கள் அவள் தலையிலிருந்து கழற்றி வைத்தது. பஞ்சில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. அதை எடுக்காமலே காதில் மாட்டிக்கொண்டு தம்பித்துரை கோப்பைத் திறந்தார்.

“பிள்ளையள், கொப்பியை விரிச்சிட்டீங்களே? சொல்வதெழுதல் பதினாலு.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் குரல். பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் நிமிர்த்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்டு பேசும் குரல்.

“சித்திரை. … சித்திரை. … மருத்துநீர். … மருத்துநீர். … கைவிசேடம். … கைவி…”

அவள் உட்கார்ந்திருந்த கதிரை உருண்டது. பாரமான ஏதோ விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமையைத் தம்பித்துரை ஏறக்குறைய நன்றியோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நொடிதான். டாக்டர் சொன்னது சரிதான். வெளியே தொங்குரயில் ஆற்றுக்கு மேலே கிறீச்சிட்டுத் திரும்பும் ஓசையும், கீழ்வீட்டுக் குழாயின் ஓசையும் மட்டும் ஒலிப்பதிவில் இருந்தன.

நாலாவது நிமிடத்தில் அவள் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ.”

எப்போதும் குசினியிலிருந்து அவரைக் கூப்பிடுவதுபோல. தேத்தண்ணி ஊத்தட்டோ என்று கேட்க வருவதுபோல. நாக்கு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது.

“இஞ்சேருங்கோ. எழும்ப ஏலாமக் கிடக்கு.”

அவர் நேரக்கோட்டை நகர்த்தினார். பத்தரை. “இஞ்சேருங்கோ.” பதினொன்று. “ஒருக்கா எழும்பி வாங்கோவன்.” பன்னிரண்டு. மூச்சு இழுபட்டது. இருந்தும் கூப்பிட்டாள். அவர் பன்னிரண்டுக்கும் இரண்டுக்குமிடையில் எங்கே வைத்தாலும் அந்த ஒரே சொல் அங்கே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், எட்டடி தூரத்தில், காதுக்குள் மெழுகோடு, தான் குறட்டை விடுவதும் மெல்லியதாகக் கேட்டது.

தம்பித்துரை கோட்டை இன்னும் நகர்த்தினார்.

ஒரு மணி ஐம்பத்தெட்டு. கட்டில் முனகியது. செருப்பு. கதவு. பிறகு அவருடைய அலறல், அவருக்கே அடையாளம் தெரியாத அலறல். “அம்பிகை! அம்பிகை! ஐயோ, என்னைப் பாரணை!”

அதற்கு அடியில், பதற்றமில்லாமல், அவள்.

“இஞ்சேருங்கோ.”

அவர் அவளை மடியில் போட்டு அழுதுகொண்டிருக்கிறார். அவள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அம்புலன்ஸ் ஆட்கள் வருகிறார்கள். டாக்டர் வருகிறார். ஒரு நொடிதான் என்கிறார். “இஞ்சேருங்கோ.” அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படிகளில் காலடிகள் இறங்குகின்றன. அறை காலியாகிறது.

“இஞ்சேருங்கோ.”

பதிவு நிற்கவில்லை. தம்பித்துரை கோட்டைத் தள்ளினார். செத்தவீட்டுச் சனத்தின் இரைச்சல். தேவாரம். கோப்பைகள். தன்னுடைய குரல், திரும்பத் திரும்ப, ஒண்டும் தெரிஞ்சிருக்காதாம். ஒவ்வொரு முறையும் அதன் கீழே அவள். அந்தியேட்டி நாள். வயரைச் சுவரிலிருந்து பிடுங்கும் சத்தம், கதவைச் சாத்தும் சத்தம்.

மின்சாரமில்லை. கணினி செத்துக் கிடக்கிறது. பதிவு போகிறது.

வைகாசி. ஆனி. சாத்திய கதவுக்கு வெளியே அவருடைய தனிச் சமையல், ஒரேயொரு கோப்பையைக் கழுவுவது, தொலைக்காட்சி. ஒரு இரவு முழுக்க அவர் அழுதது. உள்ளே, கதவுக்கு இந்தப் பக்கம், அவள். அவர் அழுகை நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மெல்ல. “இஞ்சேருங்கோ.”

ஆறாயிரத்து எண்ணூறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. எல்லாவற்றிலும்.

கோட்டை அதன் நுனிக்குக் கொண்டுபோனார்.

வெளியே தொங்குரயில் போனது. காதுக்குள்ளும் போனது. ஒரே நேரத்தில். தன் கதிரை முனகுவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. அதற்குக் கிட்ட, மிகக் கிட்ட, மற்ற மூச்சு.

அறை முழுக்க இருண்டுவிட்டது. விளக்கைப் போட எழும்ப வேண்டும். எழும்பவில்லை.

“இஞ்சேருங்கோ.” குரல் தேய்ந்து நூலாகியிருந்தது. “கை விறைக்குது.”

“அம்பிகை,” என்றார் தம்பித்துரை. அவருடைய குரலும் ஒரு இமைப்பு பிந்திக் காதுக்குள் வந்தது. “நான் வந்திட்டன். இஞ்சைதான் இருக்கிறன். கேக்குதோ?”

மூச்சு நின்றது. கேட்கிறாள் என்று நினைத்தார்.

“ஒருவருமில்லை,” என்றாள் அவள், தனக்குத்தானே. “படுத்திருக்கிறார் போலை. களைச்சுப் போயிருப்பார்.”

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கூப்பிட்டதைவிட, அதை. கதிரையிலிருந்து சரிந்து இடது கையை மேசைக்குக் கீழே, அவள் கிடந்த தரைவிரிப்பின் இருட்டுக்குள் நீட்டினார். கம்பளத்தின் சொரசொரப்பு. தூசி. வயர்.

விரல்கள்.

குளிர்ந்து, சுருண்டு, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தன. சுண்டுவிரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு. அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் பிடித்த கை. பற்றிக்கொண்டார். இறுக்கிப் பற்றிக்கொண்டார்.

“பிடிச்சிட்டன் அம்பிகை. இனி விடமாட்டன். ஒண்டுக்கும் யோசியாதை.”

காதுக்குள் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

“ஆர்?”

“நான்தான். நான்தானணை.”

“ஆர் அது? ஆரெண்டு கேக்கிறன்!” அந்தக் கை உதறியது. ஒன்பது மாதத்தில் முதன்முறையாக அவள் குரல் உயர்ந்தது. “மேசைக்குக் கீழை ஆரோ! என்ரை கையைப் பிடிச்சிருக்குது! இஞ்சேருங்கோ!”

“அம்பிகை, நான்…”

“விடு! என்னை விடு! இஞ்சேருங்கோ! எழும்பி ஓடி வாங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு!”

விட வேண்டும். விட்டால் அவள் பயம் போகும். விட்டால் அவள் திரும்பவும் தனியே கிடப்பாள், கூப்பிட்டபடி. அவர் விரல்கள் திறக்க மறுத்தன.

மேசையில் தொலைபேசி அடித்தது. ஆதிரையாக இருக்கும். அடித்து, அடித்து, நின்றது.

திரை வெளிச்சம் மேசை விளிம்போடு முடிந்துபோக, அதற்கப்பால் இருட்டுக்குள் நீண்டிருந்த தன் கையைத் தம்பித்துரை பார்த்தார். மணிக்கட்டின் தோல் வெள்ளையாகக் கீறுபட்டது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நாலு. கீறல்கள் மெல்லச் சிவந்து நிரம்பின. மேலும் மேலும் விழுந்தன. அவள் தன் புருஷனின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். அவர் அழுதார். அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.