குமிழி அக்கா

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரியின் இரண்டாம் மாடியில் இருக்கும் உயிரியல் ஆய்வகத்தில், முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் காற்றுக் குமிழி ஒன்றைப் பார்த்து வரைந்து, அதன் கீழே ‘வெங்காயச் செல்’ என்று எழுதினார்.

அந்த மாணவிக்கு வயது முப்பத்தாறு. வீட்டில் ஒரு கணவர் உண்டு. பத்து வயதில் ஒரு மகளும் உண்டு.

மகளை எல்லோரும் வாலு என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். ஆனால் ஒரு வாரம் பழகினால் போதும், ஆசிரியர்களும் வாலு என்றே கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

அன்று மாலை வாலு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சமையலறையில் நின்று ஒரு வெங்காயத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருந்தது. ஆனால் நறுக்கவில்லை.

“என்னம்மா, வெங்காயத்தோட சண்டையா?”

“ஆமா. இன்னைக்கு அது ஜெயிச்சிடுச்சு.”

அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. நறுக்காத வெங்காயம் யாரையும் அழவைக்காது என்று வாலுவுக்குத் தெரியும். பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“யாரு என்ன சொன்னாங்க? சொல்லு, நான் வந்து பாத்துக்கறேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நடந்ததைச் சொன்னாள்.

அம்மா ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளர். படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். நர்ஸ் படிப்பில் சேர வேண்டுமென்றால் முதலில் கல்லூரியில் ஓர் ஆண்டு உயிரியல் படித்துத் தேற வேண்டும். அதற்காகத்தான் சேர்ந்திருந்தாள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது.

“எல்லாரும் மைக்ராஸ்கோப்ல வெங்காயத் தோலப் பாத்தோம். எனக்கு மட்டும் வட்டமா, கறுப்பா ஓரம் வெச்சு, பெருசா ஒன்னு தெரிஞ்சுது. அதான் செல்லுன்னு நெனச்சு, அழகா வரைஞ்சேன். பக்கத்துல ஒரு நெட்டைப் பையன் எட்டிப் பாத்துட்டு, ‘அக்கா, அது காத்துக் குமிழி!’ன்னு கத்தினான். எல்லாரும் ஒரே சிரிப்பு. இப்ப என் பேரே குமிழி அக்கா.”

“படம் எங்க? காட்டு.”

படத்தை வாலு நெடுநேரம் பார்த்தாள். வட்டம் வட்டமாகவே இருந்தது. தடித்த ஓரம், உள்ளே வெறுமை, ஒரு பக்கம் மின்னல் போல ஒளி. பென்சிலால் அவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருந்தாள் அம்மா.

“நீ பாத்ததத்தான வரைஞ்ச?”

“ஆமா.”

“அப்ப படம் சரி. பேருதான் தப்பு” என்றாள் வாலு.

அம்மா அந்தத் தாளைக் கிழிக்கத்தான் எடுத்தாள். ஆனால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது விஷயம் அப்பாவுக்கும் போனது. அப்பா செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். எதற்கும் ஒரு வேடிக்கை சொல்லாமல் இருக்கமாட்டார்.

“நான் போனுக்குக் கண்ணாடி ஒட்டும்போது ஒரு குமிழி வந்தாலும் ‘பிரிச்சு ஒட்டு’ன்னு சண்டைக்கு வராங்க. நீ பரவாயில்ல, அதை வரைஞ்சு பேரும் வெச்சிருக்க.”

அம்மா சிரிக்கவில்லை.

“அடுத்த செவ்வாய்க்கிழமை செய்முறைத் தேர்வு. வெங்காயச் செல்ல எடுத்துக் காட்டி, வரையணும். நாலு தடவ முயற்சி பண்ணிட்டேன். நாலு தடவையும் குமிழிதான். இந்தத் தேர்வு போச்சுன்னா வருஷமே போச்சு. சனிக்கிழமை பயிற்சிக்கு லேப் திறந்து வெக்கறாங்க. அன்னைக்கும் வரலன்னா நின்னுடறேன். எனக்கு விரிப்பு மாத்தற வேலையே போதும்.”

அப்பா தட்டைப் பார்த்தார். வாலு அப்பாவைப் பார்த்தாள்.

சனிக்கிழமை அப்பாவுக்கு உதிரிபாகம் வாங்க வெளியே போக வேண்டியிருந்தது. அதனால் வாலுவும் அம்மாவோடு கல்லூரிக்குப் போனாள்.

ஆய்வகத்தின் வாசலிலேயே பேராசிரியை வாலுவை நிறுத்தினார். வெள்ளைக் கோட்டு, காதோரம் சொருகிய பென்சில்.

“இது யாரு?”

“என் பொண்ணு, மேடம். வீட்ல ஆள் இல்ல. ஓரமா உக்காந்துப்பா.”

“கண்ணாடிச் சாமான் நிறைய இருக்கு. எதையும் தொடமாட்டியே?”

“தொடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வாலு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். “பாக்கலாம்ல?”

“பாக்கறதுக்குத்தானே இந்த அறையே இருக்கு” என்றார் பேராசிரியை.

நீளமான மேசைகள். வரிசையாக மைக்ராஸ்கோப்புகள், ஒவ்வொன்றும் தலை குனிந்து படிக்கும் பறவை போல. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு வெங்காயத் துண்டை ஒடித்தாள். உட்பக்கத்திலிருந்து கண்ணாடி போல மெல்லிய தோல் ஒன்றை இடுக்கியால் உரித்தாள். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம். பிறகு நகத்தளவு மெல்லிய மூடுகண்ணாடி ஒன்றை எடுத்து மேலே போட்டாள். டப்!

பார்த்தாள். முகம் வாடியது.

“பாரு. என் சிநேகிதர் வந்துட்டார்.”

வாலு நுனிக்காலில் நின்று ஒரு கண்ணை வைத்தாள். வட்டமாக, கறுப்பு ஓரத்தோடு, படத்தில் இருந்த அதே குமிழி. பக்கத்தில் அதன் தம்பி தங்கைகள்.

அடுத்த மேசையில் இருந்த நெட்டைப் பையன் திரும்பினான். உயரத்துக்கு ஏற்ற மேசை இல்லாததால் முதுகை வில்லாக வளைத்து உட்கார்ந்திருந்தான்.

“என்ன குமிழி அக்கா, இன்னைக்கு எத்தனை பிடிச்சீங்க?”

பின் மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா அடுத்த தோலை உரிக்கத் தொடங்கினாள். காது மட்டும் சிவந்துவிட்டது.

வாலுவுக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. நேராக நெட்டை அண்ணனிடம் போய் நின்றாள். கைகள் பின்னால்தான் இருந்தன.

“நீங்க என்ன பிடிச்சீங்க?”

“நானா? வா, பாரு.” அவன் பெருமையோடு நகர்ந்து இடம் கொடுத்தான். “செல் எல்லாருக்கும்தான் தெரியும். எனக்கு அதுக்கு மேல ஒரு பூஞ்சை தெரியுது. நீள நீளமா, கறுப்பா, இழை இழையா. மேடம் கிட்ட இன்னும் சொல்லல. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் காட்டப் போறேன்.”

வாலு கண்ணை வைத்தாள். குறுக்கே கறுப்புக் கம்பிகள் மாதிரி ஏதோ தெரிந்தது. கண்ணைச் சிமிட்டினாள். கம்பிகள் ஆடின. மறுபடி சிமிட்டினாள். மறுபடி ஆடின.

தலையைச் சற்றுப் பின்னால் இழுத்தாள். பூஞ்சையைக் காணோம்.

அது அவளுடைய கண் இமை முடி!

அவன் பார்த்தால் அவனுடைய இமை முடி தெரியும். அவனுடையது நன்றாக நீளமாகவும் இருந்தது.

வாலு வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். பின் மேசையில் இருப்பவர்களும் கேட்பார்கள். நெட்டை அண்ணனுக்கு இன்றே பெயர் வைத்துவிடலாம். ‘இமை அண்ணன்’. கேட்கவே நன்றாக இருந்தது.

அப்போது கத்தியோடு வெங்காயத்தை முறைத்துக்கொண்டு நின்ற அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவனைக் குனியச் சொல்லித் தலையாட்டினாள். அவன் குனிந்ததும் காதோடு சொன்னாள்:

“அண்ணா, கண்ணைச் சிமிட்டிக்கிட்டே பாருங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அவன் பார்த்தான். சிமிட்டினான். இன்னொரு முறை சிமிட்டினான். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தது. முன்னால் கிடந்த தாளில் ‘பூஞ்சை இழை’ என்று எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தான். அழித்துவிட்டு வாலுவைப் பார்த்தான்.

“நிஜமா சொல்லமாட்ட?”

“வாலுன்னு பேரு வெச்சிருக்காங்கதான். ஆனா வாய்க்குப் பூட்டு இருக்கு.”

அதற்குப் பிறகு அந்த மேசையிலிருந்து கேலி எதுவும் வரவில்லை.

வாலு அம்மாவிடம் திரும்பி வந்தாள். அம்மா புதிதாக ஒரு தோலை வைத்து, தண்ணீர் விட்டு, சாயம் விட்டு, மூடுகண்ணாடியை எடுத்தாள். டப்!

இந்த முறை வாலு அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீ மூடி போடற!”

“மூடுகண்ணாடி. மூடிதானே போடணும்?”

“பானைக்குப் போடற மாதிரி போடற. ஆவி போயிடக் கூடாதுன்னு டப்புனு மூடுவியே, அப்படி. காத்து எப்படிப் போகும்? உள்ளயே மாட்டிக்கும்ல?”

அம்மா தன் கையைப் பார்த்தாள். முன்பின் தெரியாதவருடைய கையைப் பார்ப்பது போல.

பள்ளி விட்டதும் அம்மா வரும்வரை வாலு அப்பாவின் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். அவர் போன்களுக்குக் கண்ணாடி ஒட்டுவதை அவள் நூறு முறையாவது பார்த்திருப்பாள். ஒரு முறை அவளே ஒட்டிப் பார்த்து, ஒரே கொப்புளம் கொப்புளமாகக் குமிழி விட்டு, கடையை விட்டு ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டவளும்கூட.

“அப்பா எப்படி ஒட்டுவாரு? முதல்ல ஒரு ஓரத்தை மட்டும் வெப்பாரு. அப்புறம் கண்ணாடியைச் சாய்ச்சு, மெதுவா, தூங்கற குழந்தையப் படுக்க வெக்கற மாதிரி விடுவாரு. காத்து அந்தப் பக்கமா ஓடிப் போயிடும்.” கைகள் பின்னால் இருந்ததால் எல்லாவற்றையும் முகவாயாலேயே செய்து காட்டினாள்.

அம்மா இன்னொரு தோலை உரித்தாள். மூடுகண்ணாடியின் ஓர் ஓரத்தைத் தண்ணீரில் தொட வைத்தாள். மறு ஓரத்தை ஊசி முனையில் தாங்கினாள். எழுந்திருக்க முடியாத நோயாளிகளைத் தினமும் தலையணையில் சாய்க்கும் கை அது. மெதுவாக எப்படிச் சாய்ப்பது என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடி சத்தமில்லாமல் படுத்தது. தண்ணீர் அதன் அடியில் பரவி, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போனது.

அம்மா குனிந்து பார்த்தாள். அசையவே இல்லை.

“அம்மா? என்னம்மா? மறுபடியும் அவரா?”

அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

வாலு கண்ணை வைத்தாள்.

ஒரு சுவர். செங்கல் செங்கலாக, இடைவெளி இல்லாமல், ஒன்றோடொன்று இறுக அடுக்கிய சுவர். ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளும் சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு. கணக்கு வைக்க முடியாத அளவுக்குச் செங்கற்கள். நேற்று வரை சமையலறைக் கூடையில் உருண்டு கிடந்த அதே வெங்காயம்.

“இதெல்லாம் வெங்காயத்துக்குள்ளயா இருந்துச்சு?” வாலு கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“எப்பவும் இருந்துச்சு” என்றார், எப்போதோ வந்து பின்னால் நின்றிருந்த பேராசிரியை. அவரும் குனிந்து பார்த்தார். “சுத்தமா வந்திருக்கே! அந்தப் பொட்டுதான் உட்கரு. அந்தச் செல் என்ன செய்யணுங்கற குறிப்பெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.”

“எனக்குள்ளயும் இது இருக்கா?”

“கோடி கோடியா இருக்கு. ஆனா நீ தொடங்கினது ஒரே ஒரு செல்லாத்தான். அந்த ஒன்னுல பாதிக் குறிப்பு அம்மாகிட்டருந்து, பாதி அப்பாகிட்டருந்து. அது ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. இப்ப வந்து என்னைக் கேள்வி கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு.”

வாலு அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அம்மாவும் அவளை அப்படியே பார்த்தாள்.

“மூடுகண்ணாடியைச் சாய்ச்சு வெக்கணும்னு முதல் வகுப்புலயே சொன்னேனே?” என்றார் பேராசிரியை.

“அன்னைக்கு வார்டுல வேலை முடிய லேட்டாயிடுச்சு, மேடம். பாதி வகுப்புலதான் வந்தேன்.”

“கேட்டிருக்கலாமே?”

“எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலயேன்னு வெக்கமா இருந்துச்சு.”

“கேக்காம விட்டவங்க இந்த அறையில நிறைய பேர்” என்றார் அவர்.

நெட்டை அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். எழுந்து வந்து, “அக்கா, அந்த ஊசியால சாய்க்கறத எனக்கும் ஒரு தடவ காட்டறீங்களா? என்னோடதுலயும் ரெண்டு மூனு குமிழி இருக்கு” என்றான்.

அம்மா காட்டினாள். வாலு பக்கத்தில் நின்று முகவாயால் உதவினாள்.

செய்முறைத் தேர்வு மார்ச் பத்தாம் தேதி நடந்தது. அம்மா தோலை உரித்தாள், சாயமிட்டாள், மூடுகண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். செல்கள் நன்றாகத் தெரிந்தன. அப்படியும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு குமிழியும் வந்துவிட்டது. அம்மா பார்த்ததை எல்லாம் வரைந்தாள். செல் சுவர், உட்கரு என்று பெயர் எழுதினாள். மூலையில் இருந்த வட்டத்துக்கும் ஒரு கோடு இழுத்து, ‘காற்றுக் குமிழி’ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. இருபதுக்குப் பதினேழரை. அந்த அரை மதிப்பெண், குமிழிக்குச் சரியான பெயர் எழுதியதற்கு.